பழங்கணினியும் கட்டற்ற மென்பொருளும்



கோயம்புத்தூரிலிருந்து மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக இரயிலில் சென்றவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வாளையாறு தாண்டியதும் பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறிவிடுகிறது. மக்களின் பேச்சு அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. சிற்றூர் வட்டத்திலே கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி ஆகிய ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்திலே மூணாறு, தேவிகுளம், மறையூர், வண்டிப்பெரியாறு முதலிய இடங்களிலும் தமிழ் இன்றும் பலருக்கு வீட்டுமொழி. சில பள்ளிகளிலே பயிற்றுமொழியுங்கூட. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த இப்பகுதிகள், 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று கேரள மாநிலம் அமைந்தபோது அதன் பகுதிகள் ஆயின. அன்று முதல் இவ்வூர்களில் வாழ்பவர்கள், வீட்டை விட்டு ஓர் அடியும் நகராமலே வெளிமாநிலத் தமிழர் ஆகிவிட்டார்கள் எனலாம்.

நமது தந்தையார் ஊர் கொழிஞ்சாம்பாறை. தாயார் பிறந்தது மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றிலே. நமக்கு வாய்த்த உத்தியோகமோ தில்லியிலே, மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளர் பணி. மும்பையிலும் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் இருந்து இவ்வுரையைக் கேட்கும் உங்களுக்கு இத்தகைய வாழ்க்கையைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் இன்று நாம் பேச வந்த பொருள் ஊர்ப்பெருமை அன்று. ஒரு பழைய கணினி.

இம்மடிக்கணினி 2013ஆம் ஆண்டிலே நாம் தில்லியில் வாங்கியது. விலை உயர்ந்ததன்று. நான்கு ஜிபி நினைவகமும் ஒரு சாதாரண வன்தட்டும் கொண்டது. ஆயினும் அதற்குள் எமக்கு விலைமதிப்பற்ற பொருள் ஒன்று இருந்தது. நமது தாயார் இளமையில் கொழுந்து பறித்தவர். மணமாகிக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தவர். மலைத் தோட்டத்துச் சொற்களும் சமவெளி உழவர் சொற்களும் அவர் வாயில் கலந்து வரும். தேயிலைச் செடியை வெட்டிச் சீர்செய்வதற்குக் ‘கவ்வாத்து’ என்பார். அதே சொல்லைத் தலைமயிர் வெட்டிக்கொண்டு வரும் பேரனுக்கும் சொல்லிச் சிரிப்பார். 2008 முதல் விடுமுறைதோறும் அவர் அருகில் அமர்ந்து, இத்தகைய சொற்களைப் பொருளுடன் தட்டச்சு செய்து வந்தோம். ஏறத்தாழத் தொள்ளாயிரம் சொற்கள் சேர்ந்தன. தாயார் காலமாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இனி அவரைக் கேட்டு ஒரு சொல்லும் எழுத இயலாது. அச்சொற்கோவைக்கு வேறு படி எடுத்து வைக்காதது நமது பிழையே; அதை மறைப்பதற்கில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கணினி மிகவும் தளர்ந்தது. கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் குறைந்த கூலிக்குப் புதிய விண்டோஸ் இயக்குதளத்தை நிறுவித் தந்தார். அது உரிமம் பெறாத திருட்டுப்படி என்பதை நாம் பிறகே உணர்ந்தோம். பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்கு வாராதபடி அவர் அடைத்தும் வைத்திருந்தார். கணினி முதலில் வேகமாக ஓடிற்று. பின்பு வேண்டாத விளம்பரங்கள் திரையில் தோன்றின. இறுதியில் ஒருநாள் அது எழுந்திருக்கவே மறுத்துவிட்டது. வேறொரு கடையில் காட்டினோம். ‘உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுத்தான் புதிதாக நிறுவ வேண்டும்; இல்லையேல் பழைய இரும்புக்குப் போடுங்கள்’ என்றனர். இரண்டுக்கும் மனம் ஒவ்வாமல், விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அதையும் பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றோம்.

ஊரிலே எங்கள் அக்காளின் மகள் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். கணினியைப் பார்த்தவள், தன் புத்தகப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் செருகினாள். ஏதோ ஒரு விசையை அழுத்தினாள். சில நிமிடங்களில் திரையில் வெளிச்சம் வந்தது. கோப்புகளின் பட்டியல் தெரிந்தது.

“பெட்டி கெடவில்லை மாமா, அதை எழுப்பிவிடுகிற மென்பொருள்தான் கெட்டிருக்கிறது. உங்களுக்கு எந்தக் கோப்பு வேண்டும்?” என்று கேட்டாள்.

நமக்கு வேண்டிய கோப்பு அங்கே இருந்தது. அதை வேறோர் இடத்தில் படி எடுத்த பிறகே நாம் தேநீர் அருந்தினோம். அந்தப் பென்டிரைவில் இருந்தது லினக்ஸ் என்னும் கட்டற்ற இயக்குதளம். அவள் பள்ளிக் கணினியிலும் அவ்வகையே இருக்கின்றது. நாம் கலைப் பட்டதாரி. பொறியியல் கற்றவர் அல்லோம். அன்று அச்சிறுமியிடம் கேட்டும், பின்னர் படித்தும், ஓராண்டு பயன்படுத்தியும் அறிந்தவற்றையே இங்கு கூறுகின்றோம்.

முதலில் இயக்குதளம் என்பது யாது? கணினியின் உறுப்புகளை ஒன்றோடொன்று இணைத்து வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளே இயக்குதளம். நாம் கடிதம் எழுதும் மென்பொருளும் இணையத்தில் உலாவும் மென்பொருளும் அதன்மேல் அமர்ந்து வேலை செய்பவை. அது பழுதுற்றால் நல்ல இயந்திரமும் வெற்றுப் பெட்டியாகத் தோன்றும்.

‘கட்டற்ற’ என்ற சொல்லையும் விளக்கவேண்டும். ஊர்த் தச்சர் செய்த மாட்டுவண்டியை எண்ணிப் பாருங்கள். அதன் அச்சு முறிந்தால் எந்த ஊர்த் தச்சரும் பார்த்துச் சரிசெய்யலாம். வேண்டுமானால் வைக்கோல் ஏற்றுவதற்கேற்பத் தட்டியை உயர்த்திக்கொள்ளலாம். அதைப் போலவே மற்றொரு வண்டி செய்து அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாம். இனி, அச்சுப்பெட்டி முத்திரையிட்டு மூடப்பட்ட வண்டி ஒன்றை எண்ணுங்கள். செய்தவரைத் தவிர எவரும் அதைத் திறக்கலாகாது. அவர் ‘இனிப் பழுது பார்க்கமாட்டோம்’ என்றால் வண்டி கொட்டகையில் கிடக்க வேண்டியதுதான். முன்னது கட்டற்ற மென்பொருள். பின்னது மூடிய மென்பொருள். எந்நோக்கத்திற்கும் இயக்கலாம், உள்ளமைப்பைப் படிக்கலாம், பிறருக்குப் படி எடுத்துக் கொடுக்கலாம், திருத்தி வெளியிடலாம் என்னும் நான்கு உரிமைகளே கட்டற்ற தன்மையின் இலக்கணம். விலையின்மை அதன் விளைவுகளுள் ஒன்று. அதுவே அதன் பொருள் அன்று.

1983ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு என்னும் திட்டத்தை அறிவித்து இவ்வியக்கத்தைத் தொடங்கினார். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருநிரலை வெளியிட்டார். இரண்டும் இணைந்ததே இன்று நாம் பொதுவாக லினக்ஸ் என்று வழங்கும் இயக்குதளம். அதனைப் பல குழுவினர் பல வடிவங்களில் தொகுத்து அளிக்கின்றனர். டெபியன், உபுண்டு, மின்ட் என்பன அவற்றுட் சில.

ஸ்டால்மன் 2001ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்துக்கு வந்தார். இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அங்கே தொடங்கப்பெற்றது. அதே ஆண்டில் கேரள அரசு, பள்ளிகளில் கணினிக் கல்வியைக் கொண்டுவரும் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டத்தைத் தொடங்கிற்று. சில ஆண்டுகளுக்குள் அத்திட்டம் கட்டற்ற மென்பொருளையே கைக்கொண்டது. 2017இல் அது ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாயிற்று. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு, பாடத்திட்டத்துக்கு வேண்டிய மென்பொருள்களையும் சேர்த்து, அந்நிறுவனம் தனி இயக்குதளத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டு வருகிறது. பள்ளிகளில் உள்ள இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்கு இதனைப் பயன்படுத்துவதால், உரிமத் தொகையாகச் செல்லக்கூடிய 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019இல் அந்நிறுவனம் கணக்குச் சொல்லிற்று. 2018இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் மன்றங்கள் பள்ளிதோறும் கணினி கற்ற இளையோரை உருவாக்குகின்றன. எங்கள் அக்காள் மகளும் அத்தகைய மன்றத்தில் ஓர் உறுப்பினள். அவளுடைய கணினிப் பாடநூல் தமிழிலேயே உள்ளது. எல்லையூர்த் தமிழ்ப் பிள்ளை, மலையாள நாட்டின் திட்டத்தினால், தமிழ்வழியிலே கணினி கற்று, தில்லியிலிருந்து வந்த மாமனுக்குப் பாடம் சொல்கிறாள் என்பதில் நமக்கு நாணம் இல்லை, மகிழ்ச்சியே உண்டு.

தமிழ்நாட்டிலும் முயற்சி இல்லாமல் இல்லை. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ்’ என்னும் இயக்குதளத்தை 2007இல் வெளியிட்டது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் அதில் இடமுண்டு. ‘கணியம்’ என்னும் இணைய இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் செய்திகளைத் தமிழிலேயே எழுதி வருகின்றது.

இனி, பழைய கணினி வைத்திருப்போர் இதனை ஏன் எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதற்கான காரணங்களைக் கூறுவோம்.

முதற்காரணம் பாதுகாப்பு. விண்டோஸ் 10 இயக்குதளத்துக்கான ஆதரவை அதன் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. வீட்டில் பயன்படுத்துவோர் 2026 அக்டோபர் வரை நீட்டிப்புப் பெற வழி செய்யப்பட்டதாயினும், அது ஓராண்டுத் தவணையே. அடுத்ததாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பைக் கேட்கிறது. 2017ஆம் ஆண்டுக்கு முற்பட்ட செயலிகளுள் மிகப் பெரும்பான்மையானவற்றை ஏற்பதில்லை. ஆகவே நன்றாக ஓடும் இயந்திரங்களும் திருத்தங்கள் பெறாத நிலையில் நிற்கின்றன. திருத்தம் பெறாத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, தாழ் உடைந்த கதவுக்குப் பின்னே நகையை வைப்பதை ஒக்கும். கட்டற்ற இயக்குதளங்களோ பத்தாண்டு கடந்த கணினிகள் பலவற்றுக்கும் இன்றைய திருத்தங்களைத் தவறாமல் அளிக்கின்றன.

இரண்டாவது, இலேசான தன்மை. லினக்ஸில் திரைத்தோற்றத்தைத் தாங்கும் மென்பொருளை நாமே தேர்ந்துகொள்ளலாம். கனமானவையும் உண்டு, எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலேசானவையும் உண்டு. மின்ட் தொகுப்பு 2 ஜிபி நினைவகத்திலேயே இயங்கும். 4 ஜிபி இருந்தால் வசதியாக இயங்கும். நமது கணினியில் அதைத்தான் நிறுவினோம். ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். இணையத்தில் பத்துப் பக்கங்களை ஒருங்கே திறந்தால் எந்த இயக்குதளமும் பழைய இயந்திரத்தில் மூச்சு வாங்கவே செய்யும். சுழலும் பழைய வன்தட்டை நீக்கிவிட்டு எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்திய பின்னரே நமது கணினி முழு நலம் பெற்றது. அதன் செலவு புதுக் கணினியின் விலையில் மிகச் சிறு பகுதியே.

மூன்றாவது, நேர்மை. திருட்டுப்படியை நிறுவுவது நம் நாட்டில் ஏதோ சிறு குற்றம்போல் கருதப்படுகிறது. அரசுப் பணியில் இருந்துகொண்டு நாமும் அதனைப் பொறுத்துக்கொண்டோம் என்று சொல்ல வெட்கமாகவே இருக்கிறது. சட்டத்துக்கு மாறானது என்பது ஒருபுறம். பூட்டை உடைத்துத் தருபவர் உள்ளே வேறு என்ன வைத்தார் என்பதை நாம் அறியோம் என்பது மறுபுறம். கட்டற்ற மென்பொருளைப் படி எடுத்துக் கொடுப்பது குற்றமன்று. அது ஊக்கப்படும் செயல். சிறுமி ஒருத்தி பையிலே அதைச் சுமந்து திரிந்து அண்டை அயலாருக்கெல்லாம் அச்சமின்றி வழங்கலாம்.

நான்காவது காரணம் மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு மிக நெருங்கியது. தமிழ்99, தட்டச்சுமுறை, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் ஆகிய விசைப்பலகை முறைகள் லினக்ஸில் விலையின்றிக் கிடைக்கின்றன. மராத்தியோ இந்தியோ பயிலும் உங்கள் பிள்ளைகள் வீட்டிலே தமிழ் எழுதிப் பழக இவை உதவும். திரையில் தோன்றும் கட்டளைகளையும் தமிழிலேயே அமைத்துக்கொள்ளலாம். அம்மொழிபெயர்ப்பு எங்கும் முழுமையாக இல்லை. சில இடங்களில் சொற்கள் கரடுமுரடாகவும் உள்ளன. ஆயினும் மூடிய மென்பொருளில் பிழையான சொல்லைக் கண்டால் விண்ணப்பம் அனுப்பிக் காத்திருக்கவேண்டும். இங்கே திருத்தத்தை நாமே எழுதி அனுப்பலாம். சென்ற ஆண்டு நாமும் சில திருத்தங்களை அனுப்பினோம், இரண்டு ஏற்றுக்கொள்ளப்பட்டன. அலுவலகத்தில் எத்தனையோ பக்கங்கள் மொழிபெயர்த்திருக்கிறோம். அவ்விரு சொற்கள் தந்த நிறைவு தனி வகையானது.

தாயாரின் சொற்கோவையும் இவ்வகையில் ஒரு பாடம் தந்தது. அதை ஒருங்குறி பரவலாவதற்கு முந்திய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்திருந்தோம். புதிய இயக்குதளத்தில் திறந்தபோது ஒரு சொல்லும் விளங்கவில்லை. புள்ளிகளும் கோடுகளுமாகத் தோன்றிற்று. கோப்புக் கெட்டதோ என்று நெஞ்சம் திடுக்கிட்டது. அக்காள் மகள் சிரித்துவிட்டு, நம்மிடம் இருந்த பழைய எழுத்துருவைச் சேர்த்தாள், எழுத்துகள் திரும்பின. பின்பு கட்டற்ற மாற்றி ஒன்றின் துணையால் முழுவதையும் ஒருங்குறிக்கு மாற்றினோம். இப்போது அது எந்தக் கணினியிலும், எந்தக் கைப்பேசியிலும் படிக்கக் கூடியதாக இருக்கிறது. பொருளைப் பூட்டி வைப்பதைவிடப் பலரும் திறக்கும் வடிவில் வைப்பதே அதைக் காப்பது என்று அன்று தெளிந்தோம்.

ஐந்தாவது, குப்பையைக் குறைத்தல். கணினியின் உறுப்புகளில் ஈயம் முதலிய நஞ்சுகள் உண்டு. மின்னணுக் கழிவைக் கையாள்வதற்கு 2022ஆம் ஆண்டின் விதிகள் உள்ளன. எனினும் பழுதற்ற இயந்திரத்தைக் கழிவாக்காமல் இருப்பதே முதல் விதியாகும். வீட்டு மூலையில் கிடக்கும் பழங்கணினி, ஊரிலுள்ள ஒரு மாணவனுக்குப் படிப்புத் துணையாகலாம்.

குறைகளையும் கூறாவிட்டால் இவ்வுரை வணிக விளம்பரமாகிவிடும். கணக்கு எழுதும் டாலி, படம் திருத்தும் ஃபோட்டோஷாப், அச்சுக்கோவைக்கு நம்மவர் பலர் இன்னும் நம்பியிருக்கும் பேஜ்மேக்கர் ஆகியவை லினக்ஸில் நேராக இயங்குவதில்லை. லிப்ரே ஆபீஸ் என்னும் கட்டற்ற எழுத்துத் தொகுப்பு, வேர்டு கோப்புகளைத் திறக்கும். ஆனால் அட்டவணைகளும் பக்க அமைப்பும் சிலவேளை இடம் பெயரும். சில அச்சுப்பொறிகளும், சில மின்கையொப்பக் கருவிகளும் தொல்லை தரலாம். மிகப் பழைய 32-பிட் கணினிகளை உபுண்டுவும் மின்டின் புதிய பதிப்பும் ஏற்பதில்லை. 2025இல் வெளிவந்த டெபியன் 13ஆம் பதிப்பும் அவற்றில் நிறுவும் வசதியைக் கைவிட்டுவிட்டது. பிழைப்புக்கு இத்தகைய மென்பொருள்களை நம்பியிருப்போர் அவசரப்பட வேண்டா.

மற்றவர்கள் செய்யவேண்டிய முறை எளிது. முதலாவதாக, கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டிலோ பென்டிரைவிலோ படி எடுங்கள். எடுத்த படியைத் திறந்தும் பாருங்கள். இரண்டாவதாக, இயக்குதளத்தை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் எழுதுங்கள். மூன்றாவதாக, வன்தட்டைத் தொடாமல், பென்டிரைவிலிருந்தே கணினியை எழுப்பிப் பாருங்கள். வைஃபை கிடைக்கிறதா, ஒலி கேட்கிறதா, அச்சுப்பொறி வேலை செய்கிறதா, தமிழ் எழுத முடிகிறதா என்று இரண்டொரு நாள் சோதியுங்கள். மனத்துக்கு ஒத்தால் மட்டுமே வன்தட்டில் நிறுவுங்கள். நிறுவும்போது ‘வட்டு முழுவதையும் அழித்து’ என்று ஒரு வினா வரும். அங்கே கையை நிறுத்தி, முதற்படியைச் செய்தோமா என்று மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள். அருகில் அறிந்தவர் ஒருவர் இருந்தால் நலம். அவர் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக இருந்தாலும் கேட்கத் தயங்க வேண்டா.

அந்த மடிக்கணினியை நாம் தில்லிக்குத் திரும்பக் கொண்டுவரவில்லை. கொழிஞ்சாம்பாறையிலே அக்காள் வீட்டுத் திண்ணையில் அது இருக்கிறது. மாலையில் பள்ளிப் பிள்ளைகள் நான்கைந்து பேர் அதைச் சூழ்ந்திருப்பதாக அக்காள் சொல்கிறாள். தொள்ளாயிரம் சொற்களில் ஒரு படி அதில் உள்ளது. மற்றொன்று நம்மிடம் உள்ளது. மூன்றாவது, மூணாற்றிலுள்ள தாய்மாமன் வீட்டிற்குச் சென்றிருக்கிறது. சென்ற மாதம் அங்கிருந்து ஒரு செய்தி வந்தது. நாம் பொருள் தவறாக எழுதியிருந்த சொற்கள் மூன்றையும், நாம் கேட்டேயிராத புதிய சொற்கள் பதினேழையும் மாமா அனுப்பியிருந்தார். சொற்கோவை மறுபடி வளரத் தொடங்கியிருக்கிறது.